குழாயில் உராய்வைக் குறைக்க எந்தப் பசை: குவாரா, சாந்தனா, வெண்டைச் சாறா?

வெண்டைக்காயின் கொழகொழப்பைத் தண்ணீரில் துளியூண்டு கலந்தால் குழாயில் உராய்வு பாதியாகக் குறையும் என்று கேள்விப்பட்டவர்கள் அடுத்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அப்படியென்றால் என் மோட்டாருக்குக் கரண்ட் மிச்சமாகுமா? உராய்வு குறையும் என்பது உண்மை. கரண்ட் மிச்சமாகும் என்பது முக்கால்வாசி இடங்களில் உண்மையில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பசை நல்லது என்று தேட ஆரம்பித்தால், ஆய்வுக்கூடத்தில் எது அதிக சதவீதம் காட்டியதோ அதையே வாங்கிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டிவரும். அதனால் முதலில் கணக்கு, பிறகு பசைகள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழாயில் தண்ணீர் மெதுவாகப் போகும்போது அடுக்கடுக்காகப் போகும். வேகம் கூடினால் கொந்தளிக்கும். குழாய்ச் சுவரை ஒட்டிய மெல்லிய பகுதியில் சின்னச் சின்னச் சுழல்கள் கிளம்பி, மெதுவான நீரை நடுவுக்கும் வேகமான நீரைச் சுவருக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். சமதளக் குழாயில் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதி இந்தத் தள்ளுமுள்ளிலேயே கரைந்து வெப்பமாகிப் போகிறது. நீளமான மூலக்கூறுகள் கொண்ட பாலிமரை மிகக் குறைந்த அளவில் கரைத்துவிட்டால், அந்தச் சுழல்கள் இழுக்கும் இழுப்பில் மூலக்கூறுகள் நீண்டு விறைத்து, சுழல் வளர விடாமல் தடுக்கின்றன. 1948ல் டாம்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஹாலந்தில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார், அதனால் டாம்ஸ் விளைவு என்றே பெயர். இதற்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. எந்தப் பாலிமரை எவ்வளவு போட்டாலும் குறிப்பிட்ட ஒரு கோட்டுக்குக் கீழே உராய்வு இறங்காது என்று 1970களில் விர்க் என்ற ஆய்வாளர் காட்டினார். பொதுவான நிலைமைகளில் அது எழுபது எண்பது சதவீதக் குறைப்புக்கு அருகில் வந்து நிற்கும். அதற்கு மேல் யாராவது சொன்னால், அளந்த விதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பாலிமர் குறைப்பது உராய்வை மட்டும்தான். தண்ணீரை உயரத்துக்குத் தூக்கும் வேலையை அது தொடவே தொடாது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அறுபது மீட்டர் தூக்கித் தொட்டியில் விடுகிறீர்கள் என்றால், மோட்டார் செய்யும் வேலையில் மிகப் பெரிய பங்கு தூக்குவதற்குத்தான் போகிறது, உராய்வு அதில் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கில் பாதியைக் குறைத்தால் பில்லில் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கீழே வருவது எதுவும் அவர்களுக்குத் தேவைப்படாது.

சரி, சமதளத்தில் நீண்ட குழாய் இருக்கிறது, எல்லாமே உராய்வுதான் என்று வைத்துக்கொள்வோம். நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள வழுவழுப்பான பிவிசி குழாய், ஒரு கிலோமீட்டர் நீளம், மணிக்கு 50 கன மீட்டர் தண்ணீர். வேகம் நொடிக்குச் சுமார் 1.8 மீட்டர் வரும். உராய்வில் போகும் அழுத்தம் சுமார் 25 மீட்டர் ஹெட், அதாவது தண்ணீரை 25 மீட்டர் உயரம் தூக்கத் தேவையான அழுத்தம். பம்பும் மோட்டாரும் சேர்ந்து அறுபது சதவீதத் திறன் என்று எடுத்தால் இதற்கு மணிக்கு ஆறு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் பிடிக்கும். பசை போட்டு உராய்வைப் பாதியாக்கினால் மிச்சம் மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் கீழே. யூனிட் எட்டு ரூபாய் என்றால் இருபத்துமூன்று ரூபாய்.

இப்போது செலவைப் பாருங்கள். கொத்தவரை விதைப் பசையான குவார் கம்மை 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) அளவில் போடுகிறோம், அதாவது ஒரு கன மீட்டருக்கு 300 கிராம். மணிக்கு 50 கன மீட்டருக்கு 15 கிலோ. கிலோ வெறும் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மணிக்கு 1500 ரூபாய். இருபத்துமூன்று ரூபாய் மிச்சம் பிடிக்க ஆயிரத்து ஐநூறு செலவு! குழாய் நீளமாக நீளமாக ஒரே பசை அதிக தூரத்துக்கு உதவும் என்பதால் கணக்கு மாறும்தான். மேலே சொன்ன அதே எண்களில் சுமார் 65 கிலோமீட்டர் நீளம் இருந்தால் செலவும் வரவும் சமமாகும். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்கத் தண்ணீருக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நேரமும் சுவரோடு அறுபட்டுக்கொண்டு வரும் குவார் கடைசிவரை முதலில் காட்டிய வீரியத்தோடு இருக்காது. ஆக, ஒருமுறை ஓடி வெளியேறும் தண்ணீரில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இயற்கைப் பசை போடுவது என்ற யோசனை கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் "பசுமைத் தீர்வு" என்று மட்டும் எழுதும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அதை நம்பிக் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஒரு வருட உழைப்பைக் கொட்டுகிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் இது யாருக்கு? கொள்ளளவு போதாமல் தவிக்கிறவர்களுக்கு. அதே அழுத்தத்தில் உராய்வு பாதியானால் ஓட்டம் நாற்பது நாற்பத்தைந்து சதவீதம் வரை கூடும். மையவிலக்கு பம்பில் ஓட்டம் கூடினால் ஹெட் இறங்கும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனாலும் அது பெரிய லாபம். வருடத்தில் சில மணி நேரம் மட்டும் நிரம்பி வழியும் கழிவுநீர்க் குழாய்க்காகத் தெருவையே தோண்டிப் பெரிய குழாய் பதிப்பதா, அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் பாலிமர் விடுவதா என்ற கேள்வி வரும்போது பசை ஜெயிக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1970களில் செல்லின் என்ற ஆய்வாளரின் குழுவினர் கழிவுநீர்க் குழாய்களில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். நியூயார்க் தீயணைப்புத் துறை 1960களின் இறுதியில் பாலிஎத்திலீன் ஆக்சைடு கலந்த தண்ணீரை எடுத்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான். இரண்டரை அங்குல ஹோஸ் கொடுக்கும் தண்ணீரை ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸிலேயே கொண்டுபோக முடிந்தது. தண்ணீர் நிரம்பிய இரண்டரை அங்குல ஹோஸை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு ஏறுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அந்த இடத்தில் கிலோ விலையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த உதாரணங்கள் செயற்கைப் பாலிமரை வைத்துச் செய்தவை. இயற்கைப் பசையை ஒப்பிட வேண்டுமென்றால் அந்த அளவுகோலை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சில மில்லியன் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் ஆக்சைடு பத்து இருபது பிபிஎம்மிலேயே நல்ல குறைப்பைக் காட்டிவிடும், குவாருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆனால் பாலிஎத்திலீன் ஆக்சைடு மிகவும் நோஞ்சான். ஒரு பம்ப் வழியாகப் போனாலே நீண்ட சங்கிலிகள் அறுந்து வீரியம் இறங்கிவிடும். இன்னொரு செயற்கைப் பாலிமரான பாலிஅக்ரிலமைடு அதைவிடத் தாங்கும், ஆனால் சீக்கிரம் மக்காது, தயாரிப்பில் வினைபுரியாமல் தங்கிவிடும் அக்ரிலமைடு நச்சு என்பதால் அதன் அளவைக் கட்டுப்படுத்தியே விற்க வேண்டியிருக்கிறது. வயலுக்கோ ஆற்றுக்கோ போகும் தண்ணீரில் இயற்கைப் பசையைத் தேடுவதற்கு நியாயமான காரணம் இதுதான்.

முதலில் குவார். கொத்தவரங்காய் விதையின் உட்பகுதியை அரைத்த மாவு. உலக உற்பத்தியில் மிகப் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில். மன்னோஸ் சர்க்கரையால் ஆன நீண்ட முதுகெலும்பு, இரண்டு மன்னோஸுக்கு ஒன்று என்ற கணக்கில் பக்கவாட்டில் தொங்கும் கேலக்டோஸ், மூலக்கூறு எடை பத்து இருபது லட்சம். சில நூறு பிபிஎம்மில் சிறு குழாயில் பாதிக்கு மேல் உராய்வைக் குறைக்கும். இதில் மின்னேற்றம் கிடையாது என்பது எனக்கு மிகவும் பிடித்த குணம். உப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் எதுவானாலும் அதன் மூலக்கூறுச் சுருள் பெரிதாகச் சுருங்காது. நம் ஊர் போர் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று தெரியும்தானே, மின்னேற்றம் உள்ள பாலிமர்கள் பல அந்தத் தண்ணீரில் கால்சியத்தைக் கண்டதும் சுருண்டுகொள்ளும். எண்ணெய்க் கிணறுகளில் பாறையைப் பிளக்க அழுத்தத்தோடு செலுத்தும் நீரில் குவார் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, அமெரிக்காவின் ஷேல் பாறை எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் தேவையால் 2012 வாக்கில் விலை ஒரேயடியாக ஏறியது. ராஜஸ்தானில் மழை எப்படி என்பதைப் பொறுத்து விலை ஆடும் ஒரு பொருளை நம்பித் திட்டம் போடுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது.

குவாரின் சிக்கல் அதைக் கரைக்கும் இடத்திலேயே ஆரம்பிக்கிறது. மாவைத் தண்ணீரில் கொட்டினால் உடனே கட்டி தட்டும். வெளியே வழவழவென்று ஊறி, உள்ளே உலர்ந்த மாவு அப்படியே சிறைப்பட்டிருக்கும் உருண்டைகள். அவற்றைக் கரைக்க வேகமாகக் கலக்கினால் கரைந்த சங்கிலியும் சேர்ந்து அறுபடும். கலக்கியில் நல்ல சுழல் உருவாகும்படி தண்ணீரைச் சுற்றவிட்டு, சுழலின் தோள்பட்டையில் மாவைச் சல்லடையால் சலிப்பது போலத் தூவ வேண்டும், ஒருவர் இடத்தை விட்டு அசையாமல் நின்று செய்ய வேண்டிய வேலை. சிறிய அளவுக்கு மாவை எத்தனாலில் நனைத்துவிட்டுப் போட்டால் கட்டி வராது. அப்புறம் மெதுவாகக் கலக்கியபடி ஒன்றிரண்டு மணி நேரம் ஊற வேண்டும், ஊறாத குவார் குழாயில் வெறும் தூசிதான். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு கணக்கு உறுத்தும். ஒரு சதவீதக் கரைசலே நன்றாகக் கெட்டியாகிவிடும் என்பதால் அரை சதவீதத்தில் வைத்து ஊட்டுவதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன மணிக்கு 15 கிலோ குவாருக்கு மணிக்கு 3000 லிட்டர் கரைசல் தயாரிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒன்பதாயிரம் லிட்டர் தொட்டி! சதவீதங்களை மட்டும் ஒப்பிடும்போது இந்தத் தொட்டி யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்தது கெட்டுப்போவது. குவார் சாப்பாட்டுப் பொருள், கிருமிகளுக்கும் அப்படித்தான். வெயில் காலத்தில் ஒரு நாள் இரண்டு நாளில் கரைசல் நீர்த்துப் புளித்த வாடை அடிக்கும், வீரியமும் போயிருக்கும். கிருமிநாசினி போட்டுக் காப்பாற்றலாம். ஆனால் போட்டால், வயலுக்குப் போகும் தண்ணீர் என்று சொல்லித்தானே இயற்கையைத் தேடி வந்தோம் என்ற காரணம் அடிபட்டுப் போகிறது. குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றிகள் சங்கிலியை அறுக்கும், ஆகவே அதுவும் வழியில்லை. காலையில் கரைத்து மாலைக்குள் தீர்த்துவிடுவதுதான் வழி.

சாந்தனுக்கு இந்தத் தொல்லை குறைவு. முட்டைக்கோஸ் இலையைத் தாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் சர்க்கரையில் வளர்த்து எடுக்கும் பசை இது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் அலீன் ஜீன்ஸ் குழுவினர் கண்டது, 1969ல் அங்கே உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. இதன் மூலக்கூறு முறுக்கிய சுருள், மூங்கில் கழி போல விறைப்பானது. அதனால் முதலில் காட்டும் சதவீதம் பெரும்பாலும் குவாரை விடக் குறைவாகவே இருக்கும். ஆனால் பம்பில் போட்டு அடித்தாலும் அது பிடிவாதமாகத் தாக்குப்பிடிக்கும், உப்பு இருந்தால் சுருள் இன்னும் உறுதியாகும், சூட்டையும் ஓரளவு தாங்கும். ஒரே தண்ணீர் பம்ப் வழியாகத் திரும்பத் திரும்பச் சுற்றும் இடத்தில், முதல் சுற்றில் குவார் முன்னால் நிற்கும், சில பத்து சுற்றுகளுக்குப் பிறகு சாந்தன் முன்னால் நிற்கும். ஆய்வுக் கட்டுரையில் எந்தச் சுற்றின் எண்ணை வெளியிட்டார்கள் என்பதைப் பார்க்காமல் இரண்டையும் ஒப்பிடுவது வீண். விலை குவாரை விட அதிகம். கட்டி தட்டுவதில் இதுவும் குவாருக்குச் சளைத்ததல்ல.

இனி வெண்டைக்காய், கற்றாழை, வெந்தயம், செம்பருத்தி இலை. இந்த வகைதான் எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் கையில் இருக்கிறது. வெண்டைச் சாறும் கற்றாழைச் சாறும் கொந்தளிப்பான ஓட்டத்தில் உராய்வைக் குறைப்பதை மலேசியாவிலும் பிரேசிலிலும் ஆய்வுக்கூடங்களில் காட்டியிருக்கிறார்கள், விளைவு உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பொருளாக வாங்கும்போதுதான் இடிக்கிறது. வெண்டைக்காயில் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் தண்ணீர், கற்றாழைச் சோற்றில் தொண்ணூற்றெட்டுக்கு மேல். பிபிஎம் என்று போட்டிருப்பது உலர்ந்த பசையின் எடையா, வடித்த சாற்றின் எடையா என்று பார்க்க வேண்டும். சாற்றின் எடையாக இருந்தால் அந்த எண்ணைக் குவாரின் எண்ணோடு ஒரே வரிசையில் வைக்கவே முடியாது, உலர் எடையாக இருந்தால் அந்தச் சில நூறு பிபிஎம்முக்கு எத்தனை மூட்டை காய் வேண்டும் என்ற கேள்வி வரும். மணிக்கு 15 கிலோ உலர் பசையை வெண்டைக்காயிலிருந்து எடுப்பதை நினைத்துப் பாருங்கள், ஒரு நாள் தண்ணீருக்குச் சந்தையே காலியாகும். சாப்பிடும் காயைக் குழாயில் விடுவது எனக்கு மனதுக்கும் ஒப்பவில்லை, முற்றிப்போய் விற்காத காயை மட்டும் பயன்படுத்தினால் அது வேறு கதை.

இன்னொன்று, ஒரே மாதிரி தரம் வராது. பிஞ்சுக்காயும் முற்றிய காயும் ஒரே பசையைத் தருவதில்லை, ஊறவைத்த நேரமும் தண்ணீரின் சூடும் முடிவை மாற்றும். நறுக்கிய காயை ஊறவைத்து மெல்லிய துணியில் வடித்துப் பாருங்கள், சாறு துளித்துளியாக விழாமல் நூல் நூலாக இறங்கும். அந்த நூல் நீளமான சங்கிலிகளின் அடையாளம், நல்ல அறிகுறி. ஆனால் அதோடு நாரும் பசைத் திரளும் சேர்ந்தே இறங்குகின்றன, அவை பசையை அளந்து ஊட்டும் டோசிங் பம்பின் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெண்டைப் பசை அமிலக் குணமுள்ளது, மின்னேற்றம் உண்டு, கடினத் தண்ணீரில் குவாரைப் போல அலட்சியமாக இருக்காது. கற்றாழை இன்னும் மோசம், வெட்டிய கணத்திலிருந்தே அதன் சங்கிலிகள் சிதைய ஆரம்பிக்கும். புதிதாக எடுத்த சாறு காட்டும் குறைப்பைச் சில நாள் வைத்த சாறு காட்டாது. கற்றாழைப் பசைக்கு இருக்கும் நம்பிக்கையான இடம் மருத்துவம் என்று நினைக்கிறேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அதிலிருந்து பிரித்தெடுத்த பாலிமரை, ரத்தப்போக்கால் அதிர்ச்சிக்குள்ளான எலிகளுக்கு மிகச் சிறு அளவில் கொடுத்து, அவை கூடுதலாகப் பிழைப்பதைக் கண்டார்கள். அங்கே தேவைப்படுவது மில்லிகிராம் கணக்கு.

மீன் வழுவழுப்பையும் இதில் சேர்க்கலாம். ரோசன், கார்ன்ஃபோர்ட் இருவரும் 1971ல் ஷீலா மீன் இனமான பசிபிக் பாரகுடாவின் உடல் வழுவழுப்பைத் தண்ணீரில் கலந்து அளந்தபோது கிட்டத்தட்ட அறுபத்தாறு சதவீதம் வரை உராய்வு குறைந்தது. குழாய்க்கு உதவாத செய்தி, ஆனாலும் கேட்கக் கேட்க ஆச்சரியம் குறையாத செய்தி.

நார் வேறு ரகம். மரக்கூழ் நார் கலந்த தண்ணீர், வெறும் தண்ணீரை விடக் குறைந்த உராய்வில் ஓடுவது காகித ஆலைகளில் வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். மூலக்கூறு அறுபடும் பிரச்சினை இதில் கிடையாது, பம்ப் வழியாக எத்தனை முறை போனாலும் நார் நாராகவே இருக்கும். ஆனால் பிபிஎம் போதாது, எடையில் அரை சதவீதம் ஒரு சதவீதம் என்ற அளவில் வேண்டும், அது வால்விலும் முனையிலும் அடைக்கும். தேங்காய்த் தண்ணீரில் வளர்க்கும் நாட்டா டி கோகோ இருக்கிறதே, அந்த பாக்டீரியா செல்லுலோஸை வைத்து ஜப்பானில் அளந்தபோது பதினொரு சதவீதம் அளவில்தான் குறைப்பு வந்தது. குழம்பு மாதிரி திடப்பொருளைக் கொண்டுபோகும் குழாயில் ஏற்கனவே நார் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், தனியாக வாங்கிப் போடும் அளவுக்கு இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. ஐஐடி கரக்பூரில் ஆர்.பி. சிங்கும் மாணவர்களும் 1980களில் குவார், சாந்தன் போன்ற பசைகளின் முதுகில் பாலிஅக்ரிலமைடு கிளைகளை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். ஒட்டிய பசை பம்பின் அறுப்பையும் கிருமிகளையும் வெறும் பசையை விட நன்றாகத் தாங்கியது, தெளிப்பு நீர்ப்பாசனத்திலும் முயன்றார்கள். கெட்டுப்போவதுதான் உங்கள் ஒரே தடை என்றால் இந்தப் பாதையைப் படித்துப் பார்ப்பது நல்லது. முழு இயற்கை என்ற பெயரை இதற்குக் கொடுக்க முடியாது, சீக்கிரம் மக்கும் குணத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத்தான் அந்த உறுதியை வாங்குகிறோம்.

எதை எடுத்தாலும் உங்கள் தண்ணீரில், உங்கள் பம்போடு சோதிக்காமல் மூட்டை வாங்காதீர்கள். சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். உயரத்தில் ஒரு தொட்டி, கீழே அரை அங்குலக் குழாய் நேராகச் சில மீட்டர், நுழைவாயிலிலிருந்து நன்றாகத் தள்ளி இரண்டு இடங்களில் சிறு துளையிட்டுக் கண்ணாடிக் குழாய் பொருத்தி அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள், வாளியும் ஸ்டாப் வாட்சும் வைத்து ஓட்டத்தை அளங்கள். ஒரே ஓட்டத்தில் வெறும் தண்ணீருக்கும் பசைத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சதவீதம். முதலில் பம்ப் படாமல் ஒருமுறை, பிறகு அதே கரைசலை உங்கள் பம்ப் வழியாக ஓட்டிவிட்டு ஒருமுறை, பிறகு ஒரு ராத்திரி வைத்திருந்து ஒருமுறை அளக்க வேண்டும். மூன்றுக்கும் உள்ள இறக்கம் எந்தக் கட்டுரையும் சொல்லாத விஷயத்தைச் சொல்லும். இதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. விட்டம் பெரிதானால், அதே வேகத்தில் சுவரில் விழும் இழுப்பு குறைகிறது, மூலக்கூறை நீட்ட ஒரு குறைந்தபட்ச இழுப்பு தேவை, ஆகவே அரை அங்குலத்தில் ஐம்பது காட்டியது ஆறு அங்குலத்தில் ஐம்பது காட்டாது. ஓட்டம் கொந்தளிப்பாக இல்லையென்றால், கொந்தளிப்பின் அளவைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் இரண்டாயிரத்துக்குக் கீழே என்றால், பசை உராய்வைக் கூட்டத்தான் செய்யும்.

பசையைப் பம்புக்குப் பின்னால், டெலிவரி பக்கத்தில்தான் ஊட்ட வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் விட்டால் பம்பின் சுழல் சக்கரமான இம்பெல்லரிலேயே பாதி வீரியம் போய்விடும். டோசிங்குக்கும் மையவிலக்கு பம்ப் கூடாது, குழாயைப் பிசைந்து தள்ளும் பெரிஸ்டால்டிக் வகையோ திருகு வகையோ நல்லது.

சரி, எதை எடுப்பது? தெளிப்பான் பாசனத்தில் கடைசி வரிசை வரை தண்ணீர் எட்டவில்லை, வருடத்தில் சில வாரம் மட்டும் அந்தத் தேவை என்றால், குவார். அன்றன்றைக்குக் கரைத்து, பம்புக்குப் பின்னால் ஊட்டி, தேவைப்படும் சில மணி நேரத்துக்கு மட்டும் விடுங்கள், வயலில் மக்கிப்போகும். அதற்கு முன் குழாயில் உப்பு படிந்திருக்கிறதா, விட்டம் போதுமா என்று பார்த்துவிடுங்கள், அதைச் சரிசெய்வது நிரந்தரம், பசை தினமும் வாங்க வேண்டியது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு எந்தப் பசையும் வேண்டாம். சர்க்கரைச் சங்கிலி எதுவானாலும் கிருமிக்குத் தீனி, குழாய்க்குள் கிருமிப் படலம் பிடித்துச் சொட்டும் துளைகள் அடைபடும்.

சுரங்கத்திலோ கட்டுமானக் குழியிலோ உப்புத் தண்ணீரை அவசரமாக இறைக்க வேண்டும், வழியில் இடைநிலை பம்புகள் இருக்கின்றன என்றால் சாந்தன். முதல் நாள் எண்ணைப் பார்த்துக் குவாரின் பக்கம் சாயாதீர்கள், இரண்டாவது பம்பைத் தாண்டிய பிறகு வரும் எண்ணை வைத்து முடிவெடுங்கள். தண்ணீர் ஏரிக்கோ ஆற்றுக்கோ நேராக வெளியேறும் என்றால் இரண்டுமே யோசிக்க வேண்டியவை. மக்கும் பொருள் என்றால் மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் பொருள் என்றும் அர்த்தம். ஒரு கன மீட்டருக்கு 300 கிராம் சர்க்கரைச் சங்கிலியைச் சின்னக் குளத்தில் விட்டால் மீன்கள் செத்து மிதக்கலாம். இயற்கைப் பொருள்தானே என்று இதை யாரும் அளப்பதில்லை, பிஓடியை, அதாவது மக்கும்போது அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவை, அளந்துவிட்டு வெளியேற்றுங்கள்.

கட்டடத்துக் குளிர்நீர் மாதிரி மூடிய சுற்றில், அதே பசை மாதக்கணக்கில் சுற்றும் என்பதால் காசுக் கணக்கு அழகாக வரும், ஆனால் அவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் இயற்கைப் பசை இல்லை. டென்மார்க்கிலும் ஜப்பானிலும் அங்கே சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட் வகையைத்தான் முயன்றார்கள், அதன் நுண்திரள்கள் பம்பில் உடைந்தாலும் தானாகவே மறுபடி சேர்ந்துகொள்ளும். அந்த வகையில் நன்றாக வேலை செய்பவை நீர்வாழ் உயிர்களுக்கு நச்சு, ஆகவே கசிவே இல்லாத சுற்றுக்கு மட்டும்தான். கச்சா எண்ணெய்க் குழாய்க்கு இங்கே சொன்ன எதுவுமே பொருந்தாது, இவை எண்ணெயில் கரையாது. 1979ல் அலாஸ்கா குழாயில் ஆரம்பித்து இன்றுவரை அங்கெல்லாம் எண்ணெயில் கரையும் செயற்கைப் பாலிமர்தான் ஓடுகிறது. குடிநீர்க் குழாயில் கலப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன், பசை குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கும் தீனியாகும்.

வெண்டையும் கற்றாழையும் மாணவர்களின் ஆய்வுக்கூடத்துக்கு அருமையான பொருள்கள், விளைவைக் கண்ணெதிரே காட்ட இவற்றை விட எளிதான வழி இல்லை. புராஜெக்ட் செய்கிறவர்கள் இன்னொரு இலைச்சாற்றுக்கு இன்னொரு சதவீதம் அளப்பதை விட்டுவிட்டு, சாற்றை உலர்த்திப் பொடியாக்கினால் வீரியம் எவ்வளவு மிஞ்சுகிறது, ஒரு கிலோ முற்றிய காயிலிருந்து எத்தனை கிராம் பொடி வருகிறது, அந்தப் பொடி ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று அளந்தால், அடுத்து முடிவெடுக்க வருகிறவருக்கு அது நேரடியாக உதவும்.